தள்ளிவிட்டதை விடுங்கள், தீர்மான நகலை வாங்குங்கள்

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டக் கடலோரப் பேரூராட்சி எங்களுடையது. பெண்கள் கருவாடு காயப்போடும் இடத்தைக் குத்தகைக்கு விட மன்றத்தில் தீர்மானம் வந்தது. பார்வையாளராக இருந்த நான் எழுந்து கேள்வி கேட்டேன், செல்போனில் படமும் எடுத்தேன். எல்லோர் முன்னிலையிலும் வெளியே தள்ளினார்கள். செயல் அலுவலர் காவல் நிலையத்தில் மனு வேறு கொடுத்திருக்கிறார். கிராம சபையில் யாரும் பேசலாமே? தலைவர் மீது மானநஷ்ட வழக்குப் போடலாமா?

பதில்: வேண்டாம். கிராம சபை ஊராட்சிக்கு உரியது, பேரூராட்சிக்குக் கிடையாது. மன்றத்தில் பேசும் உரிமை கவுன்சிலருக்குத்தான். உங்கள் வருத்தம் நியாயமானது, ஆனால் வழக்குக்கு உதவாது. உதவுவது தீர்மான நகல். தகவல் உரிமைச் சட்டத்தில் அஜெண்டா, தீர்மானப் புத்தகம், வருகைப் பதிவேடு நகல்களைக் கேளுங்கள். "ஏன் போட்டீர்கள்" என்று கேட்டால் பதில் வராது. 30 நாளில் நகல் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். நிலத்தின் 'அ' பதிவேட்டையும் எடுங்கள். பேரூராட்சி இடமா, அரசுப் புறம்போக்கா என்பதைப் பொறுத்தே குத்தகை செல்லும்.

எனக்குக் கவலை அந்த மனுதான். இப்போது மனு ரசீதோடு நிற்கிறது. எஃப்ஐஆர் பதிவானால் பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய தண்டனைச் சட்டம்) 132-ஆம் பிரிவைப் போடுவார்கள்: அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்கியது, 2 ஆண்டு வரை சிறை, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத பிரிவு. "நான் கையே வைக்கவில்லை" என்பீர்கள். அதை நிரூபிக்க விசாரணை முடியும் வரை கோர்ட்டுக்கு அலைய வேண்டும். இந்தப் பிரிவில் பின்னால் சமரசமும் செல்லாது, வழக்கை ரத்து செய்ய உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குத்தான் போக வேண்டும். நம் கடற்கரையில் வளைகுடா வேலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் இப்படியொரு வழக்கால் பாஸ்போர்ட் வெரிஃபிகேஷனில் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

வீடியோவை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள், அழிக்கவும் வேண்டாம். தன் பக்க சாட்சி என்று வழக்குக்காக வருபவர் கொண்டுவரும் வீடியோவில் அவருடைய கத்தலும் வசவும்தான் முதலில் கேட்கும்.

வார்டு கவுன்சிலரைக் கூட்டிக்கொண்டு இந்த வாரமே ஸ்டேஷனுக்குப் போய் முடித்துக்கொள்ளுங்கள். "நடந்ததற்கு வருந்துகிறேன், இனிப் பிரச்சினை செய்ய மாட்டேன்" என்று எழுதிக் கொடுப்பதில் தவறில்லை. அங்கே ஏற்கெனவே எழுதி வைத்த தாளை நீட்டினால் முழுதாகப் படியுங்கள். "பணியைத் தடுத்தேன்" என்று ஒரு வரி இருந்தாலும் கையெழுத்துப் போடாமல் ஒரு வக்கீலுக்குப் போன் செய்யுங்கள். மனு முடிந்ததற்கான நகலை வாங்கிக்கொண்டு, மறுநாளே தகவல் மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நேரில் கொடுக்கப் போக வேண்டாம்.