பழைய மாணவரை யார் நீக்க முடியும்?

அன்புள்ள அக்கா,

அமெரிக்கத் தென்மாநிலம் ஒன்றில், கறுப்பினத்தவருக்காகத் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு எம்.எஸ். படித்தவன் நான். இப்போது வேறு நகரத்தில் வேலை. இங்கே எங்கள் பழைய மாணவர் சங்கக் கிளைக்கு நான்தான் பொருளாளர். உறுப்பினர்களில் இந்தியன் நான் ஒருவன்தான். அடுத்த தேர்தலில் தலைவராக நிற்கும்படி சிலர் சொல்கிறார்கள். எனக்கும் ஆசை இருக்கிறது. ஒரு தமிழன் கறுப்பினத்தவர் சங்கத்துக்குத் தலைமை தாங்கலாமா என்பதுதான் என் கேள்வி. கமலா ஹாரிஸ் ஹோவர்டில், அதாவது வாஷிங்டனில் உள்ள கறுப்பினப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், அவருடைய அம்மா சென்னைக்காரர் என்பதை நினைத்துத் தைரியம் சொல்லிக்கொள்கிறேன்.

சங்கத்தில் குறைகள் நிறைய. கூட்டம் தொடங்கினால் ஜெபம், கல்லூரிப் பாட்டு, சமீபத்தில் இறந்தவர்களின் பெயர்கள் என்று அரை மணி நேரம் போய்விடும். ரிட்டயர்டு டீச்சரம்மாக்கள் வைத்ததுதான் சட்டம். படித்த காலத்தில் சேர்ந்த சொராரிட்டி, அதாவது மாணவியர் சங்கம் வாரியாக ஓட்டுப் போடுகிறார்கள். நான் தலைவரானால் இதை இளைஞர்களுக்கு வேலைத் தொடர்புகள் ஏற்படுத்தித் தரும் அமைப்பாக மாற்றுவேன். கறுப்பினக் கோடீஸ்வரர் ராபர்ட் ஸ்மித் போன்ற பெரிய கொடையாளர்களைப் பிடிப்பேன். போன மாதம்கூட, பெண்கள் விடுதிச் சுவரில் பூஞ்சை பிடித்திருக்கிறது என்று இரண்டு அம்மாக்கள் பல்கலைக்கழக நிர்வாகக் குழுவுக்குக் கடிதம் எழுதக் கிளம்பினார்கள். பெரிய அளவில் நிதி திரட்டும் நேரத்தில் இது வேண்டாம் என்று பேசி நிறுத்திவைத்திருக்கிறேன்.

உங்கள் கருத்தை அறிய ஆவல்.

அன்புடன்,
(பெயர் வேண்டாம், அக்கா)

*

அன்புள்ள தம்பி,

வேறு சமயத்தில் இந்தக் கடிதம் வந்திருந்தால் "தாராளமாக நில்லுங்கள், வாழ்த்துகள்" என்று எழுதி முடித்திருப்பேன். கொஞ்ச காலமாக, டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் கறுப்பினத்தவருக்கான ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் 1925-ல் நடந்த மாணவர் வேலைநிறுத்தத்தைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து நீங்கள் பூஞ்சையோடு வந்து நிற்கிறீர்கள். நீங்கள் கேட்டது தலைவர் பதவியைப் பற்றி. என் கண்ணில் பட்டதோ கடைசியில் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன அந்த விஷயம்.

அதற்கு முன் சில்லறைகளைத் தீர்த்துவிடுகிறேன். கமலா ஹாரிஸைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அவருடைய தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டியவர்களே போதும். சொராரிட்டி ஓட்டு என்கிறீர்கள். ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா 1908-ல் ஹோவர்டில் தொடங்கியது. அதிலிருந்து 22 பெண்கள் பிரிந்துபோய் 1913-ல் டெல்ட்டா சிக்மா தீட்டாவைத் தொடங்கினார்கள். தொடங்கிய கையோடு வாஷிங்டனில் பெண்கள் ஓட்டுரிமை ஊர்வலத்திலும் போய் நடந்தார்கள். நூறு வருடத்துக்கு மேலான போட்டி அது. நீங்கள் தலைவராகி அதைத் தீர்த்துவைக்கப் போவதில்லை, தீர்க்கவும் தேவையில்லை. ராபர்ட் ஸ்மித் 2019-ல் அட்லாண்டாவின் கறுப்பினக் கல்லூரியான மோர்ஹவுஸில் பட்டம் வாங்கிய சுமார் 400 பேரின் படிப்புக் கடனை அடைத்தார், கிட்டத்தட்ட 34 மில்லியன் டாலர். பெரிய காரியம்தான். ஆனால் அவர் படித்தது கார்னெலில். பழைய மாணவர் சங்கத்துக்கு அவரை எப்படி உதாரணம் காட்டுவது?

சரி, பூஞ்சைக்கு வருவோம்.

ஃபிஸ்க் 1866-ல் வடக்கத்தி மிஷனரிகள் தொடங்கிய பள்ளி. கடன் முற்றி மூடும் நிலை வந்தபோது, 1871-ல் மாணவர்களே ஒரு பாடகர் குழுவாகக் கிளம்பி ஊர் ஊராகப் பாடிப் பணம் கொண்டுவந்தார்கள். அந்தக் குழுவில் பாதிக்கு மேல் அடிமைகளாகப் பிறந்தவர்கள். அந்தப் பணத்தில் எழுந்த ஜூபிலி ஹால் இன்றும் நிற்கிறது. பிள்ளைகள் பாடிக் காப்பாற்றிய இடம், ஆனாலும் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் வெள்ளையர்கள். 1915-ல் வந்த ஃபேயெட் மெக்கன்சி கெட்டவர் என்று சொல்லமாட்டேன். பத்து லட்சம் டாலர் நிரந்தர நிதி சேர்த்து ஃபிஸ்க்கை உயர்த்த வேண்டும் என்பது அவர் கனவு. பணம் தரப்போகிறவர்கள் வடக்கே இருந்த பெரிய அறக்கட்டளைகள். அவர்கள் முகம் சுளிக்கக்கூடாது, நாஷ்வில் வெள்ளைக்காரப் பிரமுகர்களும் முகம் சுளிக்கக்கூடாது. அதனால் மாணவர் பேரவை கிடையாது. மாணவர் இதழான 'ஃபிஸ்க் ஹெரால்ட்' நிறுத்தப்பட்டது. கறுப்பினத்தவர் உரிமைகளுக்காகப் போராடும் என்ஏஏசிபி அமைப்பின் கிளை தொடங்க அனுமதியில்லை. பெண்பிள்ளைகள் என்ன துணி உடுத்தலாம், ஆணும் பெண்ணும் எங்கே நின்று பேசலாம் என்பதற்கெல்லாம் விதிகள்.

நிதி திரட்டும் நேரத்தில் இது வேண்டாம் என்று நீங்கள் சொன்னீர்களே, அந்தப் பேச்சுக்கு வயது நூறு.

1924 ஜூனில் கறுப்பின அறிஞரும் எழுத்தாளருமான டு பாய்ஸ் அங்கே போகிறார். 1888-ல் அங்கேயே பட்டம் வாங்கியவர், மாணவராக இருந்தபோது அதே ஹெரால்டுக்கு ஆசிரியராக இருந்தவர். மகள் யோலாண்டுக்குப் பட்டமளிப்பு. பழைய மாணவர்கள் முன்னால் அவரைப் பேசச் சொல்கிறார்கள். மெக்கன்சியும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். விருந்தாளியாக வந்தவர் நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். டு பாய்ஸ் ஒவ்வொரு விதியாக எடுத்து வைத்துக் கிழித்தார்.

இந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஏன் அவர்? மாணவர் ஒருவர் எழுந்து அதைச் சொல்லியிருந்தால் அன்று மாலையே பெட்டி கட்ட வேண்டியிருக்கும். ஆசிரியர் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும். பெற்றோர்கள் எங்கெங்கோ பருத்திக்காட்டு ஊர்களில் இருந்தார்கள். நிர்வாகக் குழுவின் பணமும் பெரும்பாலும் வெள்ளையர் பணம், பேச்சும் அவர்கள் பேச்சு. மிச்சம் இருப்பது யார்? அங்கே படித்து முடித்து வெளியே போனவர்கள். அவர்களை நீக்க முடியாது, மாற்றல் போட முடியாது, சம்பளத்தைப் பிடிக்க முடியாது. ஒருமுறை கொடுத்த பட்டத்தைப் பேசினார் என்பதற்காகத் திருப்பி வாங்கவும் முடியாது. சொந்தப் பல்கலைக்கழகத்தை நடத்தும் அதிகாரம் கறுப்பினத்தவருக்கு இல்லாத காலத்தில், அதைக் கேள்வி கேட்கும் உரிமையோடு வெளியே நின்ற கூட்டம் பழைய மாணவர் சங்கம். ஹோவர்டுக்கு முதல் கறுப்பினத் தலைவர் 1926-ல்தான் கிடைத்தார். ஃபிஸ்க்குக்கு 1947 வரை கிடைக்கவில்லை. அதுவரை கேட்பதற்கு வேறு யார் இருந்தார்கள், சொல்லுங்கள்?

அன்றும் எல்லாரும் டு பாய்ஸ் பின்னால் அணிவகுக்கவில்லை. பணம் போய்விடும், வீட்டு விஷயத்தை வெளியே பேசலாமா என்று பதறிய பழைய மாணவர்கள் இருந்தார்கள். உங்களைப் போன்றவர்கள்தான் தம்பி, நல்லவர்கள். ஆனால் நியூயார்க்கில் இருந்த ஃபிஸ்க்காரர்கள், உள்ளே மூடப்பட்ட ஹெரால்டை அதே பெயரில் வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள். 1925 பிப்ரவரியில் மாணவர்கள் இரவில் விடுதியில் கலகம் செய்தபோது, மெக்கன்சி நகரத்து வெள்ளைப் போலீஸை உள்ளே அழைத்தார். மாணவர்கள் கைதானார்கள். மறுநாளிலிருந்து வகுப்புகள் வெறிச்சோடின, வாரக்கணக்கில். ஏப்ரலில் மெக்கன்சி ராஜினாமா செய்துவிட்டுப் போனார். ஃபிஸ்க் ஒன்றும் இடிந்து விழுந்துவிடவில்லை. இன்றும் நடக்கிறது.

இதெல்லாம் பழைய கதை, வெள்ளைக்காரத் தலைவர்கள் காலத்துக் கதை என்பீர்கள். ஹோவர்டில் 2021 அக்டோபரில் மாணவர்கள் பிளாக்பர்ன் என்ற மாணவர் மையத்தில் போய்ப் படுத்துக்கொண்டு ஒரு மாதத்துக்கு மேல் எழுந்திருக்கவில்லை. எதற்கு? விடுதியில் பூஞ்சை. கூடவே இன்னொரு கோரிக்கையும் இருந்தது. அந்த ஆண்டு ஜூனில் நிர்வாகக் குழு, தன்னிடம் மாணவருக்கும் ஆசிரியருக்கும் பழைய மாணவருக்கும் இருந்த இடங்களை எடுத்துவிட முடிவு செய்திருந்தது. அவற்றைத் திருப்பிக் கொடு என்றார்கள். பூஞ்சையையும் அந்த நாற்காலியையும் அந்தப் பிள்ளைகள் ஒரே காகிதத்தில் எழுதினார்கள். நாற்காலியில் கேட்பதற்கு ஆள் இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சை ஏறும் என்பது பத்தொன்பது வயதுப் பெண்ணுக்குப் புரிகிறது. பொருளாளருக்குப் புரியவில்லை.

அட்லாண்டாவில் என் சிநேகிதியின் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் தன் பல்கலைக்கழகச் சங்கக் கூட்டத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சர்ச்சின் கீழ்த்தளத்தில், மடக்கு நாற்காலிகள் போட்ட ஒரு ஹால். நீங்கள் சொன்ன அதே வரிசை: ஜெபம், பாட்டு, இறந்தவர் பெயர்கள். அப்புறம் பட்டம் வாங்கிய வருடத்தைச் சொல்லிக் கூப்பிட, மூத்தவர்களில் தொடங்கி ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். ஃபீஸ் பாக்கியால் கடைசி செமஸ்டருக்குப் பதிவு செய்ய முடியாத ஒரு பெண்ணைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒரு தட்டு சுற்றி வந்து நிரம்பியது. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை, நம் ஊர்க் கல்யாணங்களில் மொய் எழுதிப் பார்த்தவள்தானே. அதற்குப் பிறகு நடந்ததுதான் விஷயம். செயலாளரான அந்தப் பக்கத்து வீட்டு அம்மா அங்கேயே போனை எடுத்துப் பல்கலைக்கழகத்தின் ஒரு பெரிய அதிகாரிக்குப் போட்டார். பணம் வருகிறது என்று சொல்லி வைத்துவிடவில்லை. மூன்று வருடம் நன்றாகப் படித்த பெண்ணை இந்தச் சின்னத் தொகைக்காக வாசலில் நிறுத்தியது யார், எந்த விதியின்படி, அந்த விதியை எந்தக் கூட்டத்தில் போட்டீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனார். குரல் உயரவில்லை. டீச்சர் குரல். மறுமுனையில் இருந்த ஆள் "யெஸ் மேம்" சொல்லிக்கொண்டிருந்தது எங்களுக்கே கேட்டது. போனை வைத்துவிட்டு, "இவனுக்குச் சம்பளம் தருகிறவர்களுக்கு இவன் பயப்பட வேண்டும். எனக்கு யார் சம்பளம் தருகிறார்கள்?" என்றார். பிறகு எல்லாருக்கும் பொரித்த மீன்.

அந்த இறந்தவர் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை. தென்மாநிலங்களில் பல பத்திரிகைகள் கறுப்பினத்தவரின் மரணச் செய்தியைப் போடாத காலம் ஒன்று இருந்தது. டாக்டராக இருந்தாலும் சரி, பள்ளித் தலைமையாசிரியராக இருந்தாலும் சரி. ஒருவர் வாழ்ந்தார், இன்ன வருடம் இன்ன பட்டம் வாங்கினார், இறந்தார் என்று சத்தமாகச் சொல்லப்பட்ட இடங்கள் சர்ச்சும் இந்தச் சங்கமும்தான். உங்கள் கூட்டத்தில் அதற்குப் போகும் நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் கணக்கிடுகிறீர்கள். வெட்கமாக இல்லையா?

நான் கடுமையாகப் பேசுகிறேன் என்று தெரிகிறது. உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். "உறுப்பினர்களில் இந்தியன் நான் ஒருவன்தான்" என்ற வாக்கியத்தில் கொஞ்சம் பெருமையும் கொஞ்சம் தனிமையும் இருக்கின்றன. தப்பாகப் பேசிவிடுவோமோ, வெளியாளாகத் தெரிந்துவிடுவோமோ என்று எப்போதும் நிர்வாகத்தின் பக்கமே சாய்ந்து நின்றுகொள்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வந்தேறிகள் எல்லாருக்கும் இருக்கிற பழக்கம் இது. படிவத்தை ஒழுங்காக நிரப்பிவிட்டால் யாரும் நம்மை எதுவும் கேட்கமாட்டார்கள். ஆனால் அந்தப் பல்கலைக்கழகம் உங்களுக்கு உதவித்தொகை கொடுத்தபோது எந்த ஊர் என்று பார்க்கவில்லை. அந்த அம்மாக்கள் கணக்குப் புத்தகத்தை உங்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள். ஒரு சங்கம் தன் காசை ஒருவரிடம் நம்பிக் கொடுத்த பிறகு, அவர் உள்ளாளா வெளியாளா என்று கேட்டுக்கொண்டிருப்பது அவர் ஒருவர்தான்.

பணம் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. இந்த நூறு கறுப்பினக் கல்லூரிகளின் நிரந்தர நிதி முழுவதையும் சேர்த்தாலும் ஹார்வர்டு ஒன்றின் பக்கத்தில் வராது. 2018 டிசம்பரில் கிரீன்ஸ்பரோவிலிருக்கும் பென்னெட் பெண்கள் கல்லூரிக்கு, நிதிநிலை சரியில்லை என்று அங்கீகாரத்தை ரத்து செய்வதாக அங்கீகாரம் வழங்கும் அமைப்பு அறிவித்தது. பிப்ரவரி தொடக்கத்துக்குள் 5 மில்லியன் டாலர் காட்ட வேண்டும் என்று கல்லூரி இலக்கு வைத்தது. பழைய மாணவிகளும் சர்ச்சுகளும் முகம் தெரியாதவர்களும் சேர்ந்து 8.2 மில்லியன் கொடுத்தார்கள். அப்படியும் மேல்முறையீட்டில் தோற்று, நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஆனால் மூடவில்லை. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? கல்லூரி தங்களுடையது, அதைத் திட்டும் உரிமையும் தங்களுடையது என்று நினைக்கிறவர்கள்தான் ராத்திரி பத்து மணிக்குப் பழைய ரூம்மேட்டுக்குப் போன் போட்டுக் காசு கேட்பார்கள். லிங்க்ட்இன்னில் இணைந்திருப்பவர்கள் லைக் போடுவார்கள்.

இளைஞர்களுக்கு வேலைத் தொடர்புகள் என்றீர்கள். செய்யுங்களேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அதற்கென்று வையுங்கள். அதற்கு ஜெபத்தை நிறுத்த வேண்டியதில்லை.

தேர்தலில் நிற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இந்த முறை வேண்டாம். தமிழன் என்பதற்காகச் சொல்லவில்லை, நிறுத்திவைத்த கடிதம் ஒன்று உங்கள் மேசையில் கிடக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். அதை எடுத்துக்கொண்டு அந்த இரண்டு அம்மாக்களிடமும் போங்கள். எந்த விடுதி, எந்த மாடி, எப்போதிலிருந்து, யாரிடம் புகார் கொடுத்தார்கள் என்று விவரம் கேட்டுச் சேர்த்து எழுதுங்கள். நீங்கள் எம்.எஸ். படித்தவர், அட்டவணை போட வரும். பொருளாளர் என்று பதவியோடு கையெழுத்துப் போடுங்கள். ஒரு நகல் மாணவர் பேரவைக்குப் போகட்டும், அந்தப் பெண்களுக்குத் தெரிய வேண்டும். பதில் வரவில்லை என்றால் அடுத்த கூட்டத்தில், பாட்டும் பெயர்களும் முடிந்த பிறகு, முதல் விஷயமாக எடுத்து மினிட்ஸில் ஏற்றச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா