கையில ஒண்டரை லட்சம், முதல்ல எதை மாத்துறது? – ஸ்டீரியோ கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நான் வெள்ளவத்தையில கடல் பக்கமா ஒரு ஃப்ளட்டில இருக்கிறன். மாமா கனடாவுக்குப் போகேக்க விட்டிட்டுப் போன ஜப்பான் ரீகண்டிஷன் அம்ப் (அம்ப்ளிஃபையர்) ஒண்டும் ஒரு சோடி ஸ்பீக்கரும் இருக்கு, போன்ல இருந்து புளூடூத்ல பாட்டு போடுறன். வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சதுக்குப் பிறகு சத்தத்தில உயிரே இல்லை, பேஸ் (அடிச்சத்தம்) கேக்கவே இல்லை. கடைக்காரர் அம்பை மாத்தச் சொல்லுறார், ஒஃபிஸில ஒருத்தர் டாக் (டிஜிட்டல் பாட்டை அம்புக்குப் போற அனலொக் சிக்னலாக்கிற சாமான்) வாங்கு எண்டுறார், மச்சான் கேபிள் எண்டுறான். கையில ஒண்டரை லட்சம் இருக்கு. எதில தொடங்கட்டும்?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: மூண்டு பேரும் மூண்டு சாமான் சொல்லியிருக்கினம், ஸ்பீக்கரைப் பத்தி ஒருத்தரும் வாய் திறக்கேல்லை பாருங்கோ. என்ட பதில் ஸ்பீக்கர்தான். ஆனா அந்த ஒண்டரை லட்சத்தில கை வைக்க முதல் ஒரு அரை நாள் வேலை இருக்கு, அதுக்குச் செலவு ஒண்டும் இல்லை.

முதல்ல அம்பை நிப்பாட்டிப்போட்டு பின்னால போற வயரைப் பாருங்கோ. ரெண்டு பக்கமும் சிவப்பு சிவப்புக்கும் கறுப்பு கறுப்புக்கும் போகுதா? பெயின்ட் அடிச்சது எண்டு நீங்க எழுதினதை வாசிச்ச உடன எனக்கு வந்த சந்தேகம் இதுதான், கழட்டிப் பூட்டேக்க ஒரு பக்கம் மாறியிருக்கும். அப்பிடி மாறினா ஒரு ஸ்பீக்கரின்ட கோன் (அதிர்ந்து சத்தம் தாற கூம்பு) வெளிய தள்ளேக்க மற்றது உள்ள இழுக்கும், ரெண்டின்ட பேஸும் ஒண்டை ஒண்டு அழிச்சுப்போடும், பாடுறவர்ட குரலும் நடுவில நிக்காம எங்கயோ அலையும். சந்தேகமா இருந்தா ஒரு ஸ்பீக்கரில மட்டும் வயரை மாத்திப் பூட்டிக் கேளுங்கோ, எதில பேஸ் கூடவோ அதுதான் சரி. கையோட வயர் நுனியையும் பாருங்கோ, கடல் காத்துக்கு செப்பு கறுத்தோ பச்சை பிடிச்சோ இருக்கும், அந்தத் துண்டை வெட்டி எறிஞ்சிட்டு புதுசா உரிச்சுப் பூட்டுங்கோ.

அடுத்தது, ஸ்பீக்கருக்கு முன்னால இருக்கிற துணி மூடியைக் கழட்டி டோர்ச் அடிச்சு கோனைச் சுத்தியிருக்கிற வளையத்தைப் பாருங்கோ. ரப்பர் எண்டா பெரும்பாலும் பிரச்சினை இல்லை. நுரை எண்டா, எங்கட ஊர் ஈரக் காத்துக்கு வருசம் போகப் போக அது பொரிச்ச அப்பளம் மாதிரி உதிரும், விரலால மெல்லத் தொட்டாலே தெரியும். உதிர்ந்திருந்தா பேஸ் போனதுக்குக் காரணம் அதுதான், இந்த நிலைமையில எந்த அம்ப் வாங்கிப் பூட்டினாலும் ஒரு பிரயோசனமும் இல்லை. மாமான்ட ஸ்பீக்கரில ஆசை இருந்தா ரிப்பேர் செய்யிறவரிட்டக் குடுத்து நுரையை மட்டும் மாத்தலாம், முழு ஸ்பீக்கரும் வாங்கிறதை விட எவ்வளவோ மலிவு.

பிறகு வைக்கிற இடம். நீங்க எழுதேல்லை, ஆனா எனக்குத் தெரியும், ஷோகேஸுக்கு மேல, சீலிங்குக்குக் கிட்ட, ரெண்டுக்கும் நடுவில குடும்பப் படம். சரியோ? கீழ இறக்குங்கோ. கதிரையில இருக்கேக்க சின்ன ட்வீட்டர் (கீச்சுச் சத்தம் தாற சின்ன ஸ்பீக்கர்) காது மட்டத்தில வரவேணும், ரெண்டு ஸ்பீக்கருக்கும் இடையில உள்ள தூரமும் அதுகளில இருந்து உங்களுக்கு உள்ள தூரமும் கிட்டத்தட்ட ஒண்டா இருக்கவேணும், பின் சுவரில இருந்து ஒரு அடியாவது முன்னுக்கு இழுங்கோ. மூலைக்குள்ள தள்ளினா பேஸ் கூடும்தான், ஆனா அது மிருதங்கத்தின்ட தொப்பி இல்லை, வெறும் உறுமல். எங்கட ஃப்ளட்டுகளில டைல்ஸ் நிலம், சீமெந்துச் சுவர், பெரிய கண்ணாடி யன்னல், சத்தத்தைக் குடிக்கிற சாமான் ஒண்டும் இல்லை. நடு ஹோலில நிண்டு ஒருக்கா கை தட்டிப் பாருங்கோ, ணங் எண்டு திருப்பி வந்தா ஒரு கார்பெட்டும் தடிச்ச கேட்டினும் போடுங்கோ, எந்த டாக்கும் செய்யாத வேலையை அது செய்யும்.

இதெல்லாம் செய்தும் திருப்தி இல்லை எண்டா இப்ப காசைத் தொடலாம், அது ஸ்பீக்கருக்குத்தான் போகவேணும். ஏன் எண்டா பழுதில்லாத ஒரு நல்ல அம்ப் 20 ஹேர்ட்ஸில இருந்து 20,000 வரைக்கும், அதாவது ஆக அடிச்சத்தத்தில இருந்து ஆகக் கீச்சுச் சத்தம் வரைக்கும், அரை டெசிபெல் (சத்தத்தின்ட அளவு) கூடக் குறைய இல்லாம நேரா போகும், டிஸ்டோர்ஷனும் (சத்தம் சிதையிறது) 0.1 வீதத்துக்குக் கீழ. நல்ல பேர் எடுத்த ஸ்பீக்கரே 3 டெசிபெல் மேலயும் கீழயும் ஏறி இறங்கும், கொஞ்சம் கூட்டி வைச்சா பேஸில டிஸ்டோர்ஷன் 1 வீதத்தைத் தாண்டுறது சர்வசாதாரணம். ரெண்டு அம்புக்கு இடையில உள்ள வித்தியாசத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேணும், ரெண்டு ஸ்பீக்கருக்கு இடையில உள்ளது குசினியில நிக்கிறவைக்கும் கேக்கும்.

கடைக்காரர் கூட வாட்ஸ் எண்டு ஆசை காட்டுவார். 50 வாட்ஸில இருந்து 100க்குப் போனா கூடுறது வெறும் 3 டெசிபெல், சத்தம் ரெண்டு மடங்காக் கேக்கவேணும் எண்டா கிட்டத்தட்ட 10 மடங்கு வாட்ஸ் வேணும். அதே 3 டெசிபெல் சும்மா வருது, 87 டெசிபெல் சென்சிடிவிட்டி (ஒரே வாட்ஸுக்கு எவ்வளவு சத்தம் தரும் எண்ட அளவு) ஸ்பீக்கருக்குப் பதிலா 90 உள்ளதை எடுத்தா. ஒண்டை மட்டும் மறக்காதேங்கோ, புது ஸ்பீக்கரின்ட மின்தடை 4 ஓமா 8 ஓமா எண்டு பாருங்கோ, பழைய அம்ப் கனக்க 4 ஓமுக்குச் சூடாகித் திணறும், அம்புக்குப் பின்னாலயே எத்தினை ஓம் வரை எண்டு அடிச்சிருக்கும். வொல்யூம் திருப்பேக்க கரகர எண்டா, ஒரு பக்கம் வந்து வந்து போனா, ம்ம்ம் எண்டு இரைச்சல் இருந்தா அம்பைக் கவனிக்கத்தான் வேணும், ஆனா அது ரிப்பேர் வேலை. கரகரப்புக்கு கொன்டாக்ட் கிளீனர் காணும், இரைச்சலுக்கு அநேகமா கப்பாசிட்டர் மாத்தினால் சரி.

ஒஃபிஸ் நண்பர்ட டாக் கதையில கொஞ்சம் நியாயம் இருக்கு, எனக்கும் புளூடூத்தில பெரிய பிரியம் இல்லை. ஆனா முதல்ல போன்ல என்ன இருக்கு எண்டு பாருங்கோ, யாரோ வட்ஸ்அப்பில அனுப்பின, பத்துத் தரம் சுருக்கின பாட்டை வைச்சுக்கொண்டு அம்பைத் திட்டுறதில வேலை இல்லை. நல்ல ஃபைல் ஒண்டை போன்ல பூட்டுற சின்ன டொங்கிள் போட்டு வயரால அம்புக்குக் குடுத்துக் கேளுங்கோ, வித்தியாசம் தெரிஞ்சா அந்த டொங்கிளோடயே நிண்டிடலாம், அதுக்குள்ள இருக்கிறதும் டாக்தான்.

ஸ்பீக்கர் கேக்கப் போகேக்க கடைக்காரர் போடுற டெமோ பாட்டை நம்பாதேங்கோ, அது எதில போட்டாலும் நல்லாத்தான் இருக்கும். உங்களுக்கு மனப்பாடமான பாட்டுக் கொண்டு போங்கோ, ஒரு பெண் குரல், ஒரு நாதஸ்வரமும் தவிலும், ஒரு பழைய சினிமாப் பாட்டு. நாதஸ்வரம் காதைக் கிழிக்குதா எண்டு கேட்டாலே பாதி தெரிஞ்சிடும். ரெண்டு சோடியையும் ஒரே சத்தத்துக்கு வைக்கச் சொல்லுங்கோ, கொஞ்சம் கூடச் சத்தமா போறதுதான் எப்பவும் திறம் எண்டு காது சொல்லும், விக்கிறவைக்கு அது நல்லாத் தெரியும். வீட்டுக்குக் கொண்டு போய் கேட்டிட்டுத் திருப்பலாம் எண்டு ஒத்துக்கொள்ளுற கடை கிடைச்சா ரெண்டாயிரம் கூடக் குடுத்தாலும் பரவாயில்லை. ஒரு லட்சத்துக்கு மேல ஸ்பீக்கருக்கு, மிச்சத்தில ரெண்டு ஸ்டாண்டும் கார்பெட்டும். மச்சானுக்கு என்ன சொல்லுறது எண்டதுக்கு தெஹிவளை வாசகருக்கு எழுதியிருக்கிறதைக் காட்டுங்கோ.

கேள்வி: ஸ்பீக்கர் கேபிளுக்கு 25,000 கேக்கினம், வாங்கலாமோ?
– வாசகர், தெஹிவளை

பதில்: வேண்டாம். 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் ஹார்ட்வெயார் கடையில மீட்டர் கணக்கில வாங்குங்கோ. 5 மீட்டர் தூரத்துக்குப் போய் வர அதின்ட தடை 0.07 ஓம் அளவுதான், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு கணக்கே இல்லை. அந்த 25,000ஐ ஸ்பீக்கர் காசோட சேருங்கோ.

கேள்வி: அப்பான்ட ரெக்கோர்ட்டுகளுக்காக ஜப்பான் டேர்ன்டேபிள் ஒண்டு எடுத்தன். ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் போட்டும் பாட்டு இழுபடுது, சத்தமும் கிணத்துக்குள்ள இருந்து வாற மாதிரி. இதில எதை மாத்தோணும்?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: ட்ரான்ஸ்போமர் எங்கட 230 வோல்ட்டை 100 ஆக்கும், கரண்ட் செக்கனுக்கு எத்தினை தரம் மாறுது எண்ட 50 ஹேர்ட்ஸை அது தொடாது. ஜப்பானில கிழக்குப் பக்கம் 50, மேற்குப் பக்கம் 60. மேற்குப் பக்கத்துக்கு எண்டு பூட்டின ஏசி மோட்டர் மெஷின் இங்க ஆறில ஒரு பங்கு மெதுவா ஓடும், 33⅓ சுத்த வேண்டியது 28க்கும் குறையச் சுத்தும். பெல்ட்டைக் கழட்டிப் பாருங்கோ, கனக்க மெஷினில 50க்கு வேற, 60க்கு வேற புல்லி (பெல்ட் ஓடுற சின்னச் சக்கரம்) வரும், அதை மாத்தினா முடிஞ்சுது. டிசி மோட்டர் எண்டா இந்தப் பிரச்சினை இல்லை, அப்ப பெல்ட் தளர்ந்திருக்கும்.

கிணத்துச் சத்தத்துக்கு, எந்த சொக்கட்டில பூட்டினீங்க எண்டு பாருங்கோ. ஊசி பூட்டியிருக்கிற கார்ட்ரிட்ஜில இருந்து வாறது 5 மில்லிவோல்ட் அளவுதான், சீடி ப்ளேயரில வாறது 2 வோல்ட் கிட்ட, அதனால அம்பில ஃபோனோ எண்டு எழுதின இடத்திலதான் பூட்டவேணும், இல்லாட்டி அந்தச் சின்ன சிக்னலைப் பெருப்பிக்கத் தனியா ஒரு ஃபோனோ பெட்டி வாங்கவேணும். உங்கட விசயத்தில முதல் செலவு ஸ்பீக்கரும் இல்லை அம்பும் இல்லை, ஊசி. பழைய மெஷினோட வந்த ஊசி எத்தினை மணித்தியாலம் ஓடினது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது, தேஞ்ச ஊசி அப்பான்ட ரெக்கோர்ட்டைச் சுரண்டும், ரெக்கோர்ட் திரும்பக் கிடையாது. புது ஊசி வரும் வரைக்கும் போடாதேங்கோ.

கேள்வி: சீடி எல்லாம் தூக்கிப் போட்டிட்டு ஹை-ரெஸ்ஸுக்கு (சீடியை விடக் கூட விவரம் பதிஞ்ச டிஜிட்டல் ஃபைல்) மாறட்டோ?
– வாசகர், மருதானை

பதில்: சீடி 1982இல வந்த சாமான்தான், ஆனா அது சத்தத்தைச் செக்கனுக்கு 44,100 தரம் அளக்கிறதால (44.1 கிலோஹேர்ட்ஸ்) அதில பாதி, 22 கிலோஹேர்ட்ஸ் வரைக்கும் பதியலாம், மனுசக் காது 20ஓட சரி, வயசு போனா அதுவும் இல்லை. தூக்கிப் போடாதேங்கோ. போடத்தான் போறீங்க எண்டா கர்நாடக சங்கீதச் சீடியை மட்டும் எனக்கு ஒதுக்கி வையுங்கோ.