எறியுற கை வலிக்குதா? தோள்பட்டை கேள்வி பதில்

நான் ஸ்போர்ட்ஸ் பிசியோ, கிரிக்கெட், ஈட்டி எறியுற பசங்க தோளத்தான் அதிகமா பாக்கறேன். முட்டி, இடுப்பு கேள்வியெல்லாம் இன்னைக்கு வேணாம்.

கேள்வி: அக்கா, பவுண்டரில இருந்து த்ரோ அடிச்சா தோளுக்குப் பின்னாடி சுருக்குன்னு வலி. பந்தை விட்டதுக்கு அப்புறம்தான் வருது. பெஞ்ச் பிரஸ்லாம் நல்லா பண்றேனே?

பதில்: விட்டதுக்கு அப்புறம்னீங்க பாருங்க, பதில் அதுலயே இருக்கு. பந்தை வேகமா அனுப்புறது நெஞ்சுத் தசையும் முதுகுல இருக்கற லாட் தசையும். பேஸ்பால்ல பந்து எறியுற பிட்சர்கள அளந்ததுல மேல்கை உள்பக்கமா சுத்துற வேகம் செகண்டுக்கு 7000 டிகிரி வரைக்கும் போகுது. பந்து போயிடும், கை போகாதே, அந்த வேகம் மொத்தத்தையும் கண் இமைக்கற நேரத்துல நிறுத்தியாகணும், அப்ப கைய மூட்டுல இருந்து பிடுங்குற மாதிரி கிட்டத்தட்ட உடம்பு எடை அளவுக்கு ஒரு இழுப்பு வரும். அத தாங்குறதுல பெரும்பங்கு பின்னாடி இருக்கற இன்ஃப்ராஸ்பினேட்டஸ், டெரெஸ் மைனர்னு ரெண்டு சின்னத் தசைக்கு. நீங்க இன்ஜின பெருசாக்கிட்டே போறீங்க, பிரேக்க கவனிக்கல.

வலிக்காத பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க. விலாவுக்கும் மேல இருக்கற முழங்கைக்கும் நடுவுல ஒரு துண்ட சுருட்டி வைங்க, முழங்கைய 90 டிகிரி மடக்கி, கையில அரை லிட்டர் தண்ணி பாட்டில். முழங்கைய அசைக்காம முன்கைய மட்டும் மேல தூக்க ஒரு செகண்ட், இறக்க மூணு செகண்ட். துண்டு நழுவுச்சுன்னா தப்பா பண்றீங்க. 2004ல அமெரிக்காவுல ஏழு பயிற்சிய வச்சு தசையோட மின்சார அளவ எடுத்தாங்க, இந்த ரெண்டு தசையும் அதிகமா வேலை செஞ்சது இதுலதான்.

கேள்வி: எம்ஆர்ஐல லேப்ரம் கிழிசல்னு போட்டிருக்கு, ஆபரேஷனா?

பதில்: லேப்ரம்னா தோள் குழியோட விளிம்புல இருக்கற குருத்தெலும்பு வளையம். வலி எப்படி, எப்ப வருதுன்னு ஒரு வரி கூட எழுதலையே. ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ்னு பிட்சர்களுக்கு ஆபரேஷன் பண்றதுல பேர்போன டாக்டர், வலியே இல்லாத 31 பிட்சர்களுக்கு ஸ்கேன் எடுத்துப் பாத்தாரு, 90 சதவீதம் பேருக்கு குருத்தெலும்புல கோளாறு தெரிஞ்சுது. படத்துக்கு வைத்தியம் பண்ணாதீங்க, தோளுக்குப் பண்ணுங்க.

கேள்வி: எனக்கும் எம்ஆர்ஐல கிழிசல்...

பதில்: மேல படிங்க.

கேள்வி: மேடம், நான் ஜிம் ட்ரெயினர். கட்டைவிரல கீழ பாத்து வச்சு டம்பெல் தூக்குறதுதான் ரொட்டேட்டர் கஃப்க்கு (தோள் மூட்டச் சுத்தி இருக்கற நாலு தசை) பெஸ்ட். ஜோப் டாக்டரே சொன்னது.

பதில்: ஃபிராங்க் ஜோப்ங்கற அந்த அமெரிக்க எலும்பு டாக்டர் மேல எனக்கும் மரியாதை உண்டு, எறியுற தோள்ல எந்தத் தசை எப்ப வேலை செய்யுதுன்னு அளந்து காட்டினதுல அவர் பங்கு பெருசு. ஆனா அவர் அத சொன்னது 1980கள்ல. கட்டைவிரல் மேல பாத்தாலும் சுப்ராஸ்பினேட்டஸ், அதாவது அந்த நாலுல மேல இருக்கற தசை, அதே அளவு வேலை செய்யுதுன்னு பின்னாடி அளந்துட்டாங்க. கீழ பாத்தா தோள்பட்டை எலும்பு முன்னாடி சாயும், தசைநாண் நசுங்க வழியாகும்.

கேள்வி: நான் பத்து வருஷமா சொல்லித் தரேன், யாருக்கும் ஒண்ணும் ஆகல.

பதில்: உங்ககிட்ட வர்றவங்க எல்லாரும் பந்து எறியுறவங்களா சார்? வலியில்லாத ஆளுக்குத் தாங்கிடும். ஒரு சீசன்ல ஆயிரக்கணக்குல எறிஞ்சு ஏற்கனவே வீங்கியிருக்கற தசைநாணுக்கு அது கூடுதல் சுமை. அதே பலன் வலியில்லாம கிடைக்குதுன்னா விரல மேல திருப்ப என்ன தயக்கம்?

கேள்வி: ஷ்ரேயஸ் ஐயருக்கும் இதே பிரச்சனைதானே?

பதில்: இல்ல. 2021 மார்ச்ல புனேல டைவ் அடிச்சு விழுந்ததுல தோள் விலகினது அது.

கேள்வி: லேப்ரம் ஸ்கேன் ரிப்போர்ட் அனுப்பலாமா அக்கா?

பதில்: வேணாம். நேர்ல காட்டுங்க.

கேள்வி: பையனுக்கு 14 வயசு, ஆறு வாரம் ரெஸ்ட் எடுத்தான், இப்ப வலி இல்ல. ஞாயித்துக்கிழமை மேட்ச் ஆடலாமா?

பதில்: வேணாம்மா. ரெஸ்ட்ல வலி போகும், பலம் வராது. முதல்ல 45 அடியில இருந்து லேசா 25 எறி, கொஞ்சம் ஓய்வு, மறுபடி 25. அடுத்த நாள் எறிய விடாதீங்க. மறுநாள் காலையில தோள் எப்படி இருக்குன்னு கேளுங்க, வலிச்சா அதே தூரம், வலிக்கலன்னா 60 அடி, அப்படியே 90, 120. ராத்திரி வலியில முழிச்சுக்கிட்டாலோ விரல் மரத்துப் போனாலோ எறியறத நிறுத்திட்டு எலும்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.