அடைப்புக்குறிக்குள் ஒரு பையன்

கேள்வி: டல்லாஸ் பக்கத்தில் இருக்கிறோம். என் மகனுக்கு 16 வயது, 6 அடி 1 அங்குலம், 240 பவுண்டு. பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் லெஃப்ட் டேக்கிள். போன வருடம் ஜூனியர் அணியில் நன்றாக ஆடியவன், வர்சிட்டி என்கிற பள்ளியின் முதன்மை அணிக்கு ஏறியதும் தடுமாறுகிறான். ஒரே ஆட்டத்தில் மூன்று முறை எதிரணி ஆள் இவனைச் சுற்றிக்கொண்டு ஓடி குவார்ட்டர்பேக்கைச் சாய்த்துவிட்டான். கோச் இவனை உட்கார வைத்துவிட்டு, இவனைவிடச் சின்னப் பையனை இறக்கியிருக்கிறார். தனிப் பயிற்சிக்கு மாதம் 400 டாலர் கட்டுகிறோம். என் கணவர் கோச்சுக்கு இரண்டு மெயில் எழுதிவிட்டார். (நடுவில் இவன் கோயம்புத்தூரில் இருக்கும் என் மாமியாரிடம் போனில், "எனக்குக் கை நீளம் பத்தல பாட்டி, உள்ளே கார்டுக்கு மாத்தச் சொல்லிக் கேக்கலாம்னு இருக்கேன்" என்றானாம். என் கணவர் அதைக் கேட்டுவிட்டு, "இவ்வளவு செலவு பண்ணி கார்டா?" என்று சத்தம் போட்டார்.) இவன் இனி தேறுவானா, இல்லை நிறுத்திவிட்டுப் படிப்பைப் பார்க்கச் சொல்வதா?
பெயர் வேண்டாம், டெக்சாஸ்

பதில்: கிரிக்கெட், பேட்மிண்டன், செஸ், நீட் கோச்சிங் என்று ஆட்டத்தின் பெயர்தான் மாறும், கடிதம் ஒன்றுதான். தேறிவிடுவான், கவலைப்படாதீர்கள் என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதைக் கேட்பதற்கு உங்களுக்கு உறவுக்காரர்கள் இருப்பார்கள்.

உங்கள் கடிதத்தில் 400 டாலர் அடைப்புக்குறிக்கு வெளியே இருக்கிறது. இரண்டு மெயிலும் வெளியே இருக்கின்றன. பையன் வாயைத் திறந்து சொன்ன ஒரே வாக்கியத்தை மட்டும் உள்ளே போட்டு மூடிவிட்டீர்கள். எனக்கு அந்த வாக்கியம் போதும்.

இந்த ஆட்டம் தெரியாத வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் ஐந்து பேர் சுவராக நிற்பார்கள். நடுவில் சென்டர், அவருக்கு இரண்டு பக்கமும் கார்டு, ஓரங்களில் டேக்கிள். ஓரத்தில் நிற்பவனைச் சுற்றி நிறைய வெற்றிடம். எதிரே வருபவன் அணியிலேயே வேகமானவனாக இருப்பான். அவனை எட்டிப் பிடித்து நிறுத்த வேகமான கால் வேண்டும், நீளமான கை வேண்டும். உள்ளே நிற்கும் கார்டுக்கு இடம் குறைவு. அங்கே இடுப்பைத் தாழ்த்தி, கனத்தோடு மோதுகிற வேலை. வலது கையால் எறிகிற குவார்ட்டர்பேக்கின் முதுகுப் பக்கத்தைக் காப்பதால் லெஃப்ட் டேக்கிளுக்குக் கௌரவம் அதிகம், தொழில்முறை ஆட்டத்தில் சம்பளமும் அதிகம். உங்கள் வீட்டுக்காரர் காதில் விழுந்தது இந்தக் கடைசி வரி மட்டும்தான்.

இப்போது பையன் சொன்னதைப் பாருங்கள். "கோச்சுக்கு என்னைப் பிடிக்கல" என்றோ, "மூட் இல்ல" என்றோ அவன் சொல்லவில்லை. கை நீளம் பத்தவில்லை, உள்ளே போனால் அது அவ்வளவு இடிக்காது என்று கணக்குப் போட்டிருக்கிறான். மூன்று முறை ஏமாந்ததைத் தானே வீடியோவில் திரும்பத் திரும்பப் பார்த்திருந்தால்தான் 16 வயதில் இந்தப் பேச்சு வரும். இந்தச் சுவரில் நிற்கிற ஒரு லைன்மேன் வளர்வானா என்று பார்க்க எனக்குத் தெரிந்த வழி இதுதான்: எதனால் தோற்றேன் என்று அவனால் பெயர் சொல்ல முடிகிறதா? கையை எங்கே வைப்பது, காலை எப்படி இழுப்பது என்பதைக் கற்றுக்கொடுக்கலாம். பலம் இந்த வயதில் இன்னும் ஏறும், காலேஜ் அணிகளிலேயே லைன்மேன்களை முதல் வருடம் ஆட விடாமல் உடம்பைத் தேற்றுவது சகஜம். கை நீளத்தை மட்டும் எந்தப் பயிற்சியாளரும் 400 டாலருக்கு விற்பதில்லை.

கார்டுக்கு மாறுவதில் என்ன கேவலம்? ராபர்ட் கேலரி 2004 டிராஃப்ட்டில், அதாவது தொழில்முறை அணிகள் புது ஆட்களை வரிசையாகப் பொறுக்கி எடுக்கும் தேர்வில், இரண்டாவது ஆளாக எடுக்கப்பட்டவர். டேக்கிளாகத் தடுமாறினார், 2007இல் கார்டுக்கு நகர்த்தினார்கள், அதற்கப்புறம்தான் நிம்மதியாக ஆடினார். மெக்கை பெக்டன் 2020இல் 11வது இடத்தில் எடுக்கப்பட்ட டேக்கிள். முழங்கால் காயம், எடைப் பேச்சு என்று முதல் அணியில் பெயர் கெட்டது. 2024இல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அவரை வலது கார்டாக நிறுத்தியது, அந்த சீசன் முடிவில் சூப்பர் பவுல் என்கிற இறுதிப் போட்டியை ஜெயித்தார்கள். அதே அணியின் லெஃப்ட் டேக்கிள் ஜோர்டன் மைலாட்டா, ரக்பியிலிருந்து வந்தவர், 2018க்கு முன் இந்த ஆட்டத்தை ஆடியதே இல்லை. அவர் கதையை உங்கள் கணவர் தேடி எடுத்துக் காட்டுவார் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அவர் உயரம் 6 அடி 8 அங்குலம்.

"இவ்வளவு செலவு பண்ணி கார்டா?" இந்தக் குரல் எனக்கு நன்றாகவே தெரியும். பத்தாம் வகுப்பு முடித்த பையன் காமர்ஸ் எடுக்கிறேன் என்றால் "ஃபீஸ் கட்டினது இதுக்கா, ஃபர்ஸ்ட் குரூப் எடு" என்று வீட்டில் எழும்பும் குரல். பாதி உலகத்தைத் தாண்டிப் போய், வெள்ளிக்கிழமை ராத்திரி ஸ்டேடியத்தில் உட்கார்ந்தும், உங்கள் வீட்டுக்காரர் ஃபர்ஸ்ட் குரூப்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அவரை மட்டும் திட்டினால் நீங்கள் தப்பித்துவிடுவீர்கள். பையன் இதை ஏன் உங்களிடம் சொல்லவில்லை? உங்கள் மாமியாருக்கு கார்டு என்றால் ரேஷன் கார்டுதான் ஞாபகம் வரும். இருந்தும் அவரிடம்தான் சொன்னான், ஏனென்றால் அவர் குறுக்கே பேசமாட்டார். பெற்றவர்கள் இரண்டு பேர் அதே வீட்டில் இருக்க, ஒரு பிள்ளை கடல் தாண்டிப் போன் போட்டு மனசைச் சொல்கிறான் என்றால் வெட்கப்பட வேண்டியது அவன் இல்லை. அவர் சத்தம் போட்டபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? கடிதத்தில் அது இல்லை. ஒன்றும் செய்திருக்க மாட்டீர்கள். பிள்ளைக்கும் அப்பாவுக்கும் நடுவில் ஒரு வார்த்தை பேசுவது அம்மாவின் கடமை என்று நினைக்கிறவள் நான். பழங்காலத்து எண்ணம் என்றால் சரி, அப்படியே இருக்கட்டும்.

மெயில் எழுதுவதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். கோச்சிடம் பையன் தனியாகப் போய், நான் இதைப் பார்த்தேன், இப்படித் தோன்றுகிறது, கார்டாகப் பயிற்சியில் நிற்கிறேன், பாருங்கள் என்று கேட்கட்டும். அவர் முடியாது என்று சொல்லலாம். அதையும் அவனே வாங்கிக்கொள்ளட்டும், அது அவன் கடமை. அதோடு, கார்டு என்றதும் ராத்திரியில் எட்டு முட்டை அவித்து வைத்து அவனை 300 பவுண்டாக்கக் கிளம்பாதீர்கள். அந்த எடை தொழில்முறை ஆட்களுக்கு. ஜோ தாமஸ் போன்ற பெரிய டேக்கிளே 2018இல் ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக 50 பவுண்டு அளவுக்கு இறக்கினார். நம் வீடுகளில் சர்க்கரை வேறு காத்துக்கொண்டிருக்கிறது.

படிப்பைப் பார்க்கச் சொல்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். டெக்சாஸில் 70 மார்க் எடுக்காவிட்டால் ஆடவே விடமாட்டார்கள், அதனால் படித்துக்கொண்டுதான் இருக்கிறான். ஆட்டத்தில் தோற்றதற்குத் தண்டனையாகப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் இரண்டும் கசந்துபோகும்.

சரி, இந்த வாரம் கோயம்புத்தூருக்கு நீங்களே போன் போடுங்கள். அன்றைக்கு அவன் வேறென்ன சொன்னான் என்று அத்தையிடம் கேளுங்கள். ஸ்பீக்கரில் போடுங்கள், வீட்டுக்காரரும் பக்கத்தில் உட்காரட்டும். அத்தை பேசி முடிக்கிற வரைக்கும் இரண்டு பேரும் நடுவில் பேசக்கூடாது.