பானையோடு கிடந்த இடம்

அன்புள்ள ஐயா,

திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டியபோது கறுப்பும் சிவப்புமாகச் சில பானையோடுகள் கிடைத்தன. கழுவி அலமாரியில் வைத்திருக்கிறேன். இவற்றின் வயது என்ன? தொல்லியல் என்பதே வெள்ளைக்காரர்களின் புதையல் வேட்டை என்கிறார் என் சித்தப்பா. உண்மையா?

ஒரு கல்லூரி மாணவன்

அன்புள்ள தம்பி,

ஓடுகளைக் குப்பையில் கொட்டாமல் காப்பாற்றினீர்களே, அதற்கே நன்றி. கழுவாமல் இருந்திருக்கலாம். உள்ளே ஒட்டியிருக்கும் கரியும் உணவுப் படிவும் ஆய்வாளருக்குப் பானையோட்டைவிடப் பெரிய செல்வம். நிறத்தை வைத்து மட்டும் வயதைச் சொல்ல முடியாது. கறுப்பு-சிவப்புப் பானைகள் பல நூற்றாண்டுகள் புழங்கியவை.

உங்கள் சித்தப்பா தொடக்க காலத்தைத்தான் சொல்கிறார். 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து ஆதிச்சநல்லூரில் தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். அன்று பொருள்தான் குறி.

'எது கிடைத்தது' என்பதோடு 'எந்த அடுக்கில், எதனோடு கிடந்தது' என்றும் கேட்கத் தொடங்கியபோதுதான் இது ஒரு துறையாக வளர்ந்தது. 1945-இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் மண்ணடுக்குகளைப் பிரித்துப் பிரித்துத் தோண்டினார். காலம் தெரிந்த இத்தாலியக் கிண்ணங்களின் உடைசல்கள் அங்கே கிடைத்தன. அவற்றோடு சேர்ந்து கிடந்த நம் பானையோடுகளுக்கும் அதனால் காலம் கணிக்க முடிந்தது. தென்னிந்தியாவின் வேறு ஊர்களில் அதே வகை ஓடு கிடைத்தபோது அந்த ஊர்களுக்கும் ஒரு காலக்கணக்கு பிறந்தது. ஒரு கிண்ணத்தின் உடைசல் இத்தனை ஊர்களின் காலத்தைத் திறந்துவிட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

உங்களுக்கு அருகில் எண்ணூரில் கடலில் கலக்கிறதே கொசஸ்தலையாறு, அதன் மேல்பகுதியில்தான் அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863-இல் நிலவியலாளர்கள் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள். அவற்றின் வயது தெரிய ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு ஆனது. தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் முறையாக அகழ்ந்து, வெளியில் கிடந்தபோது விண்கதிர்களால் கல்லில் உருவான கதிரியக்க அலுமினியமும் பெரிலியமும் மண்ணுக்குள் புதைந்தபின் வெவ்வேறு வேகத்தில் சிதைவதை அளந்தார்கள். சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் அறிவித்தார்கள். ஆழத்தில் புதைந்தே கிடந்த கல்லால்தான் இந்தக் கணக்கு சாத்தியமாயிற்று.

ஆகவே இனிமேல் தோண்டாதீர்கள். மனையின் எந்த மூலை, எத்தனை அடி ஆழம், மணலா களிமண்ணா, பக்கத்தில் எலும்போ சாம்பலோ இருந்ததா என்று எழுதி, ஓடுகளோடு எழும்பூரிலுள்ள மாநிலத் தொல்லியல் துறைக்கு எடுத்துச் செல்லுங்கள். பள்ளம் வெட்டியவர்களுக்கு ஆழம் நினைவிருக்கும். அவர்கள் அடுத்த வேலைக்குப் போவதற்குள் கேட்டுவிடுங்கள்.