ஸ்கீமாவில் எழுதாதது சர்வருக்குத் தெரியாது

பல கணினிகளை ஒரே கிளஸ்டராகச் சேர்த்து மென்பொருளை ஓட்டும் குபெர்னெட்டீஸில் நாமே புது ஏபிஐ வகைகளைச் சேர்க்க உதவுவது கஸ்டம் ரிசோர்ஸ் டெஃபனிஷன், சுருக்கமாக சிஆர்டி. எந்த ஃபீல்டு வரலாம், அதில் என்ன மதிப்பு இருக்கலாம் என்று சொல்லும் அதன் ஸ்கீமா பற்றி குமுளி, வாளையார், நகரி பக்கத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஃபீல்டு பெயர்களையும் கட்டளைகளையும் தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். அமைப்பை எழுதி வைக்கும் யாமல் கோப்பில் அவை ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும்.

ஏலக்காய் ஏல மையங்களுக்கான மென்பொருளை 'ஏலமையம்' என்ற சிஆர்டி வழியாக ஓட்டுகிறோம். எங்கள் பைத்தான் ஸ்கிரிப்ட்டில் நகல்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் 'ரெப்ளிகாஸ்' என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போனது. சர்வர் பிழை எதுவும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது. பிறகு எடுத்துப் பார்த்தால் அந்த ஃபீல்டே காணோம். எங்கே போனது?
– வாசகர், கம்பம்

சர்வர் வெட்டி எறிந்துவிட்டது. இதற்கு ப்ரூனிங் என்று பெயர். பழைய செக்போஸ்ட்டில் பில்லில் இல்லாத மூட்டையை மட்டும் இறக்கிவிட்டு லாரியை விடுவது போல, ஸ்கீமாவில் இல்லாத ஃபீல்டை நீக்கிவிட்டு மீதியைக் கிளஸ்டரின் தரவுக் கிடங்கான எட்சிடியில் சேமித்துவிடும். குபெர்னெட்டீஸ் 1.16-இல் வந்த சிஆர்டியின் வி1 வடிவத்தில் இதுதான் இயல்பான நடத்தை. அதற்கு முந்தைய வி1பீட்டா1 தெரியாத ஃபீல்டுகளையும் வைத்துக்கொள்ளும். அது 1.22-இல், 2021-இல் நீக்கப்பட்டது.

கியூப்சிடிஎல் என்ற கட்டளைக் கருவி வழியாக அனுப்பியிருந்தால் 'அன்னோன் ஃபீல்டு' என்று அங்கேயே நின்றிருக்கும், ஏனென்றால் அது ஸ்ட்ரிக்ட் சோதனையைக் கேட்டு வாங்குகிறது. எதுவும் கேட்காத கிளையண்டுக்கு சர்வர் வெறும் எச்சரிக்கைத் தலைப்பை மட்டும் அனுப்பும். ஸ்கிரிப்ட்டுகள் பெரும்பாலும் அதைப் படிப்பதில்லை. உங்கள் பைத்தான் அழைப்பில் 'ஃபீல்டுவேலிடேஷன்' என்ற அளவுருவை 'ஸ்ட்ரிக்ட்' என்று கொடுங்கள். கூடவே ஸ்கீமாவில் 'ரெப்ளிகாஸ்' ஃபீல்டை 'ரிக்வயர்டு' பட்டியலில் சேருங்கள். அப்போது எழுத்துப் பிழை எந்த வழியாக வந்தாலும் 'கட்டாய ஃபீல்டு இல்லை' என்று சர்வரே திருப்பி அனுப்பிவிடும்.

சிலர் 'அடிஷனல்ப்ராப்பர்ட்டீஸ்: ஃபால்ஸ்' போட்டு இதைத் தடுக்கப் பார்ப்பார்கள். சிஆர்டியில் அதற்கு அனுமதி இல்லை. இன்னும் சிலர் தொல்லையே வேண்டாம் என்று 'எக்ஸ்-குபெர்னெட்டீஸ்-பிரிசர்வ்-அன்னோன்-ஃபீல்ட்ஸ்: ட்ரூ' என்பதை ஸ்பெக் பகுதியின் உச்சியிலேயே போட்டுவிடுவார்கள். அது ஸ்கீமா எழுதாமல் இருப்பதற்குச் சமம். உள்ளே என்ன வரும் என்று உண்மையிலேயே தெரியாத ஒரு சிறு கிளைக்கு மட்டும் அதை வையுங்கள்.

அதே சிஆர்டியில் கிரேடுகளின் பட்டியல் உண்டு: பெயர், சல்லடையின் குறைந்தபட்ச மில்லிமீட்டர், அதிகபட்ச மில்லிமீட்டர். மின் மேக்ஸைவிடச் சிறியதாக இருக்க வேண்டும், ஒரு பெயர் இரண்டு முறை வரக்கூடாது, இரண்டு கிரேடுகளின் அளவு ஒன்றன்மேல் ஒன்று படியக்கூடாது, மையக் குறியீட்டைப் பிறகு மாற்ற முடியக்கூடாது. இவ்வளவுக்கும் வெப்ஹுக் (சர்வர் அழைத்துக் கேட்கும் தனி நிரல்) எழுதித்தான் ஆக வேண்டுமா?
– வாசகர், போடிநாயக்கனூர்

வேண்டாம். செல் என்று அழைக்கப்படும் காமன் எக்ஸ்பிரஷன் லேங்குவேஜ் விதிகளை ஸ்கீமாவுக்குள்ளேயே எழுதலாம். 1.25-இல் பீட்டாவாக வந்து 1.29-இல் நிலைபெற்ற வசதி இது. வெப்ஹுக் என்றால் அதை ஓட்ட ஒரு பாட் (கன்டெய்னர்களின் சிறு தொகுப்பு), ஒரு சான்றிதழ், அது படுத்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலை. செல் விதி ஏபிஐ சர்வருக்குள்ளேயே ஓடும்.

முதலில் அளவின் வகை. 7.5 மில்லிமீட்டர் என்று தசமத்தில் வைக்காதீர்கள். ஏபிஐ ஃபீல்டுகளில் ஃப்ளோட்டைத் தவிர்ப்பது குபெர்னெட்டீஸின் சொந்த மரபு. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை அலகாக வைத்து 75 என்று முழு எண்ணாக எழுதுங்கள். மினிமம் 1, மேக்சிமம் 200 என்று வரம்பும் போடுங்கள்.

பெயர் இரட்டிப்பைத் தடுக்க 'யுனீக்ஐட்டம்ஸ்' என்று எழுதப் போனால் சிஆர்டி நிராகரிக்கப்படும். பட்டியலுக்கு 'எக்ஸ்-குபெர்னெட்டீஸ்-லிஸ்ட்-டைப்: மேப்' என்றும், 'லிஸ்ட்-மேப்-கீஸ்' பகுதியில் 'நேம்' என்றும் எழுதுங்கள். சாவியாக வரும் 'நேம்' ஃபீல்டு ரிக்வயர்டாகவோ டீஃபால்ட் உள்ளதாகவோ இருக்க வேண்டும். இதில் ஓர் உபரி லாபமும் உண்டு. மாற்றங்களைச் சர்வரே இணைக்கும் சர்வர்-சைடு அப்ளை செய்யும்போது இரண்டு கருவிகள் வெவ்வேறு கிரேடுகளைத் தனித்தனியே பராமரிக்கலாம். வகை எதுவும் எழுதாத பட்டியல் அட்டாமிக்காகக் கருதப்படும், கடைசியாக எழுதியவர் முழுப் பட்டியலையும் மாற்றிவிடுவார்.

இனி 'எக்ஸ்-குபெர்னெட்டீஸ்-வேலிடேஷன்ஸ்' பகுதி. கிரேடு மட்டத்தில் எழுத வேண்டியது: செல்ஃப்.மின் < செல்ஃப்.மேக்ஸ். 'மேக்ஸ்' விருப்ப ஃபீல்டு என்றால் முன்னால் !ஹேஸ்(செல்ஃப்.மேக்ஸ்) || என்று சேருங்கள். இல்லாவிட்டால் அந்த ஃபீல்டு வராத ஆப்ஜெக்ட்டில் விதியே 'நோ சச் கீ' என்று முறிந்து, சரியான ஆப்ஜெக்ட்டும் நிராகரிக்கப்படும். நாங்கள் 'மேக்ஸை' ரிக்வயர்டாகவே வைப்போம். மேலே உள்ள கிரேடுக்கு 200 என்று எழுதிவிட்டால் போயிற்று.

அளவு படிவதைத் தடுப்பது பட்டியல் மட்டத்தில்: செல்ஃப்.ஆல்(ஏ, செல்ஃப்.ஆல்(பி, ஏ.நேம் == பி.நேம் || ஏ.மேக்ஸ் <= பி.மின் || பி.மேக்ஸ் <= ஏ.மின்)). பலர் தலையில் கை வைப்பது இந்த இடத்தில்தான். சிஆர்டியை ஏற்றும்போதே 'எஸ்டிமேட்டட் ரூல் காஸ்ட் எக்ஸீட்ஸ் பட்ஜெட்' என்று சர்வர் மறுக்கும். விதி எவ்வளவு செலவு வைக்கும் என்று சர்வர் முன்கூட்டியே மதிப்பிடுகிறது. பட்டியலுக்கு மேல்வரம்பு இல்லையென்றால், ஒரு கோரிக்கையில் எத்தனை உறுப்புகளை அடைக்க முடியுமோ அத்தனையும் வரும் என்று எடுத்துக்கொள்ளும். இங்கே ஒரு சுழற்சிக்குள் இன்னொரு சுழற்சி இருப்பதால் அந்த எண் தன்னாலேயே பெருக்கப்படும். மருந்து எளிது: பட்டியலுக்கு 'மேக்ஸ்ஐட்டம்ஸ்: 20', பெயருக்கு 'மேக்ஸ்லெங்த்: 32'. பெயருக்கும் வரம்பு கேட்பது ஏன் என்றால், இரண்டு சரங்களை ஒப்பிடும் செலவு அவற்றின் நீளத்தைப் பொறுத்தது. விதி எழுதுகிறீர்களோ இல்லையோ, எல்லாப் பட்டியலுக்கும் எல்லாச் சரத்துக்கும் முதல் நாளே வரம்பு போடுங்கள். பிறகு தளர்த்துவது எளிது. இறுக்குவது எவ்வளவு கடினம் என்பதை அடுத்த பதில்களில் ஒன்றில் பார்ப்பீர்கள்.

மையக் குறியீட்டுக்கு, அந்த ஃபீல்டின் மீதே செல்ஃப் == ஓல்ட்செல்ஃப் என்று எழுதுங்கள். உருவாக்கும்போது இது ஓடாது, மாற்றும்போது மட்டும் ஓடும். ஒரு ஓட்டை உண்டு. ஃபீல்டு விருப்பமானது என்றால், முதலில் அதை நீக்கிவிட்டு அடுத்த முறை வேறு மதிப்போடு சேர்க்கலாம். இரண்டு முறையும் ஒப்பிட ஒரு பக்கம் ஆள் இல்லாததால் விதி ஓடவே ஓடாது. ரிக்வயர்டாக்குங்கள். முடியாதென்றால் மேல்மட்டத்தில் !ஹேஸ்(ஓல்ட்செல்ஃப்.கோடு) || ஹேஸ்(செல்ஃப்.கோடு) என்று இன்னொரு விதி சேருங்கள்.

ஒவ்வொரு விதிக்கும் 'மெசேஜ்' எழுதுவதைச் சோம்பலில் விடாதீர்கள். விடிகாலை ஏலத்துக்கு முன் பிழையைப் படிப்பவருக்கு விதியின் கோவை புரியாது.

விசைத்தறிக் கண்காணிப்புக்கான எங்கள் சிஆர்டியில் பேக்கப் என்ற பகுதிக்குள் 'ரீட்டெய்ன்' ஃபீல்டுக்கு டீஃபால்ட் 7 கொடுத்தோம். வேலை செய்யவில்லை. இன்னொரு ஃபீல்டில் 0 கொடுத்தால் 3 ஆகிவிடுகிறது!
– வாசகர், நகரி

முதலாவதற்குக் காரணம், பயனர் 'பேக்கப்' பகுதியையே எழுதவில்லை. தாய் ஃபீல்டு இல்லாதபோது சர்வர் உள்ளே இறங்கிப் பார்க்காது. 'பேக்கப்' ஃபீல்டுக்கு 'டீஃபால்ட்: {}' கொடுங்கள். வெற்றுப் பகுதி உருவாகி, அதனுள் 7 நிரம்பும். யாமலில் 'ரீட்டெய்ன்:' என்று எழுதி மதிப்பை விட்டுவிட்டால் அது 'நல்', அதாவது மதிப்பின்மை. 'நல்லபிள்' என்று ஸ்கீமாவில் சொல்லாதவரை அந்த இடத்திலும் 7 வந்துவிடும்.

இரண்டாவது கோ மொழியின் வேலை. உங்கள் ஸ்ட்ரக்ட்டில் அந்த ஃபீல்டு வெறும் இன்ட்32, கூடவே காலி மதிப்பை எழுதாமல் விடச் சொல்லும் ஆமிட்எம்ப்டி. 0 என்பது காலி என்று கருதப்பட்டு ஜேசானிலிருந்தே விழுந்துவிடுகிறது. சர்வர் பார்க்கும்போது ஃபீல்டு இல்லை, எனவே டீஃபால்ட் 3-ஐ நிரப்புகிறது. இன்ட்32-க்குப் பாயின்டர் வைத்தால் தீரும்.

ஒவ்வொரு ஏலக்காய் லாட்டையும் ஒரு கஸ்டம் ரிசோர்ஸாக வைத்தால் என்ன?
– வாசகர், குமுளி

வைக்காதீர்கள். எட்சிடி உங்கள் வியாபாரத் தரவுத்தளம் கிடையாது. ஒரு கோரிக்கைக்கு இயல்பு வரம்பு சுமார் 1.5 எம்பி, மொத்தக் கிடங்குக்கு 2 ஜிபி. அது நிரம்பினால் உங்கள் லாட்டுகள் மட்டும் நிற்காது, கிளஸ்டரே எதையும் எழுத மறுக்கும். எந்த மென்பொருள் எத்தனை நகல், எந்த அமைப்பில் ஓட வேண்டும் என்பது கஸ்டம் ரிசோர்ஸ். லாட், விலை, ஏலதாரர் எல்லாம் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில்.

பால் டேங்கர் ஒவ்வொன்றின் ஜிபிஎஸ் டிராக்கருக்கும் ஒரு ரிசோர்ஸ். வண்டி எண்ணுக்குப் பேட்டர்ன் எழுதியும் குப்பை எழுத்துகள் நுழைகின்றன.
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

உங்கள் பேட்டர்னில் தொடக்கத்தைக் குறிக்கும் ^ முன்னாலும், முடிவைக் குறிக்கும் $ பின்னாலும் இல்லை. அவை இல்லாவிட்டால் சரத்தின் நடுவில் எங்காவது பொருந்தினாலே போதும் என்று சர்வர் விட்டுவிடும். யாமலில் பேட்டர்னை ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள், இரட்டை மேற்கோளில் பின்சாய்வுக்கோடு வேறு பொருள் பெறும். லுக்அஹெட் (அடுத்து வருவதை முன்கூட்டிப் பார்க்கும் குறி) வேலை செய்யாது, பின்னால் இருப்பது அதை ஆதரிக்காத ஆர்இ2. 'ஃபார்மட்' என்பதை நம்பி ஏமாறாதீர்கள்; சர்வருக்குத் தெரியாத ஃபார்மட் பெயரை எழுதினால் பேசாமல் கடந்துபோகும்.

கேஎல், டிஎன் என்று இரண்டை மட்டும் பூட்டிவிடவும் வேண்டாம். வேறு மாநிலப் பதிவு எண் கொண்ட டேங்கரும் வரலாம்.

வி1ஆல்ஃபா1-இல் 'நோட்ஸ்' என்றிருந்ததை வி1-இல் 'ரெப்ளிகாஸ்' என்று மாற்றினோம். சோதனை கிளஸ்டரில் பழைய ஆப்ஜெக்ட்டுகளில் மதிப்பு மறைந்துவிட்டது. நேரடிக் கிளஸ்டரில் எப்படிச் செய்வது?
– வாசகர், செங்கோட்டை

உங்கள் கன்வெர்ஷன் (வெர்ஷன்களுக்கு இடையே மாற்றும் முறை) 'நன்' என்று இருந்திருக்கும். அது ஏபிஐவெர்ஷன் வரியை மட்டும் மாற்றும், ஃபீல்டுகளைத் தொடாது. பிறகு வி1 ஸ்கீமாவில் 'நோட்ஸ்' இல்லாததால் ப்ரூனிங் அதை வெட்டிவிட்டது.

ஒரே ஒரு ஃபீல்டுக்காக என்றால் எங்கள் யோசனை: பெயரை மாற்றாதீர்கள். மாற்றியே தீர வேண்டும் என்றால் அதே வெர்ஷனில் புது ஃபீல்டை விருப்பமாகச் சேர்த்து, ரிசோர்ஸைப் பார்த்து வேலை செய்யும் உங்கள் கன்ட்ரோலர் நிரல் இரண்டையும் படிக்கட்டும். கன்வெர்ஷன் வெப்ஹுக் என்பது கட்டிய பிறகு காலமெல்லாம் சோறு போட வேண்டிய ஒன்று. அது விழுந்தால் அந்த வகை ஆப்ஜெக்ட்டைப் படிக்கக்கூட முடியாமல், நேம்ஸ்பேஸ் (கிளஸ்டருக்குள் ஒரு தனிப் பிரிவு) அழிப்பு வரை நின்றுபோகலாம்.

மாற்றங்கள் பல என்றால் வரிசை இது. முதலில் வெப்ஹுக்கை ஏற்றுங்கள். வி1-இலிருந்து வி1ஆல்ஃபா1-க்கும் திரும்பவும் போய் வந்தால் எதுவும் தொலையக்கூடாது. மெட்டாடேட்டாவில் லேபிள்களையும் அனோட்டேஷன்களையும் (ஆப்ஜெக்ட்டோடு ஒட்டிவைக்கும் குறிப்புகள்) தவிர வேறு எதையும் அது மாற்றக்கூடாது. அடுத்து வி1-ஐ 'சர்வ்டு: ட்ரூ, ஸ்டோரேஜ்: ஃபால்ஸ்' (கேட்டால் கிடைக்கும், ஆனால் அந்த வடிவில் சேமிக்கப்படாது) என்று சேருங்கள். கிளையண்டுகள் இரண்டு வெர்ஷனிலும் சரியாகப் படிக்கின்றன என்று பார்த்த பிறகு ஸ்டோரேஜை வி1-க்கு மாற்றுங்கள். ஏற்கெனவே உள்ள ஆப்ஜெக்ட்டுகள் இன்னும் பழைய வடிவில்தான் எட்சிடியில் கிடக்கும். எல்லாவற்றையும் எடுத்து 'கியூப்சிடிஎல் ரீப்ளேஸ்' வழியாக ஒருமுறை திரும்ப எழுதுங்கள். பிறகு சிஆர்டியின் ஸ்டேட்டஸில் உள்ள 'ஸ்டோர்டுவெர்ஷன்ஸ்' பட்டியலிலிருந்து வி1ஆல்ஃபா1-ஐ '--சப்ரிசோர்ஸ்=ஸ்டேட்டஸ்' கொடியுடன் பேட்ச் செய்து நீக்குங்கள். அந்தப் பட்டியலில் பெயர் இருக்கும்வரை பழைய வெர்ஷனை ஸ்பெக்கிலிருந்து எடுக்க சர்வர் விடாது. திரும்ப எழுதாமல் பட்டியலை மட்டும் திருத்துபவர்கள் உண்டு; சர்வர் அதைத் தடுக்காது, ஆனால் பழைய ஆப்ஜெக்ட்டுகள் பிறகு படிக்க முடியாமல் போகும்.

இந்தச் சாக்கில் ஸ்கீமாவை இறுக்கவும் நினைப்பீர்கள். முன்பு 50 எழுத்துப் பெயரை ஏற்றுக்கொண்டு இப்போது 32 என்றால், சேமித்த ஆப்ஜெக்ட் அப்படியே இருக்கும், ஆனால் கிளஸ்டர் 1.30-க்கு முந்தையது என்றால் அதில் எதைத் தொட்டாலும் நிராகரிக்கப்படும். அழிப்பை நிறுத்திவைக்கும் ஃபைனலைசர் குறிப்பைக் கன்ட்ரோலர் நீக்கப் போனாலும் அதே மறுப்புதான், எனவே அழிக்கவும் முடியாது. 1.30 முதல் இயல்பாகவே இயங்கும் வேலிடேஷன் ராட்செட்டிங் (1.33-இல் நிலைபெற்றது) மாறாத ஃபீல்டுகளின் பிழையைப் பொறுத்துக்கொள்ளும். மேக்ஸ்லெங்த், பேட்டர்ன், 'ஈனம்' (அனுமதித்த மதிப்புகளின் பட்டியல்) போன்றவற்றுக்கு இது போதும். புதிதாகச் சேர்த்த ரிக்வயர்டு ஃபீல்டுக்கும், ஓல்ட்செல்ஃப் வரும் விதிகளுக்கும் இந்தச் சலுகை கிடையாது. ரிக்வயர்டாகச் சேர்க்க வேண்டியிருந்தால் டீஃபால்ட்டோடு சேருங்கள். எட்சிடியிலிருந்து படிக்கும்போதும் டீஃபால்ட் நிரப்பப்படுவதால் பழையவை பிழைத்துக்கொள்ளும்.

சிஆர்டி கோப்பை அப்ளை செய்தால் 'அனோட்டேஷன்ஸ் டூ லாங், 262144 பைட்ஸ்' என்கிறது. அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

அழித்தால் அந்த வகையின் எல்லா ஆப்ஜெக்ட்டுகளும் சேர்ந்து அழியும். தொடாதீர்கள். சாதாரண அப்ளை முழுக் கோப்பின் நகலையும் ஓர் அனோட்டேஷனில் வைக்கப் பார்க்கிறது, அதுதான் வரம்பைத் தாண்டுகிறது. 'கியூப்சிடிஎல் அப்ளை --சர்வர்-சைடு' போடுங்கள். ஹெல்ம் 3 என்ற நிறுவும் கருவியின் 'சிஆர்டிஸ்' கோப்புறையில் வைத்திருந்தால் இன்னொன்று: முதல் நிறுவலில் மட்டுமே அது ஏறும், அப்கிரேடில் ஏறாது. புது ஸ்கீமாவை ஒவ்வொரு முறையும் இதே கட்டளையால் தனியாக ஏற்றிவிட்டுப் பிறகு அப்கிரேடை ஓட்டுங்கள்.