சமூக ஊடகப் பதிவுகள் மூலம் மின்னஞ்சல் செய்திமடலுக்குச் சந்தாதாரர்களைச் சேர்ப்பது எப்படி?

"என்னைப் பின்தொடர்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், செய்திமடலுக்குச் சேர்ந்தவர்கள் நாற்பது பேர்தான்" என்று கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள். அந்த நாற்பதைச் சொல்லக் கூச்சமாக இருந்திருக்கும். என் முதல் நாற்பதில் ஒன்பது பேர் உறவினர்கள். இரண்டு முகவரிகள் என்னுடையவையே.

நான் வாரம் ஒருமுறை இரவு வானத்தைப் பற்றி ஒரு மின்னஞ்சல் கடிதம் அனுப்புகிறேன். எந்தக் கோள் எந்தத் திசையில் தெரியும், வெறுங்கண்ணால் எதைப் பார்க்கலாம் என்பது போன்ற விஷயங்கள். இப்போது 640 பேர் வாங்குகிறார்கள். அறுநூறு பேரை வைத்துக்கொண்டு உபதேசமா என்று யாராவது கீழே கேட்பார்கள், தெரியும். லட்சம் பேருக்கு அனுப்புகிறவர்கள் தாங்கள் நாற்பதில் நின்ற நாட்களை மறந்துவிட்டார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஒரு பௌர்ணமி மாலையில் ஒரு பதிவு போட்டேன். அடிவானத்தில் எழும்போது நிலா பெரிதாகத் தெரிவது நம் மனத்தின் மயக்கம்தான், வேண்டுமானால் கையை முழுதாக நீட்டிச் சுண்டுவிரலால் அதை மறைத்துப் பாருங்கள், உச்சிக்கு ஏறிய பிறகும் அதே விரலால் மறைத்துப் பாருங்கள், இரண்டு முறையும் விரலின் அகலத்தில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும் என்று எழுதியிருந்தேன். நிலாவின் அகலம் அரை டிகிரி, நீட்டிய கையின் சுண்டுவிரல் சுமார் ஒரு டிகிரி, அவ்வளவுதான் கணக்கு. நாலாயிரத்துக்கு மேல் லைக் வந்தது. விரலை நீட்டியபடி படம் எடுத்துப் போட்டார்கள். கடைசி வரியில் செய்திமடலுக்கான இணைப்பைக் கொடுத்திருந்தேன். அன்றிரவு தூங்காமல் சந்தாதாரர் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சேர்ந்தவர்கள் நான்கு பேர். அவர்களில் ஒருவர் என் மைத்துனர், அதுவும் நான் தொலைபேசியில் நச்சரித்த பிறகு.

பல நாள் கழித்துத்தான் புத்தியில் உறைத்தது. அந்தப் பதிவில் எல்லாமே இருந்தது. படித்தார்கள், விரலை நீட்டினார்கள், வியந்தார்கள், போய்விட்டார்கள். கடிதத்தில் அதற்கு மேல் என்ன கிடைக்கும் என்று நான் ஒரு சொல்கூட எழுதவில்லை. "மேலும் இது போன்ற தகவல்களுக்கு" என்று போட்டிருந்தேன். மேலும் தகவல் யாருக்கு வேண்டும்? எல்லோரும் ஏற்கெனவே தகவலில் மூழ்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இன்னொரு கோளாறு பதிவுக்கு வெளியே இருந்தது. இணைப்பைத் தொட்டவர்கள் போய்ச் சேர்ந்த படிவத்தில் பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண், ஊர் எல்லாம் கேட்டிருந்தேன். தொலைபேசி எண்ணை எதற்குக் கேட்டேன் என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை. அதையும் தாண்டிப் பதிவு செய்தவர்களுக்கு உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் ஒன்று போகும், அதிலுள்ள இணைப்பைத் தொட்டால்தான் பட்டியலில் பெயர் ஏறும். ஒருநாள் தற்செயலாக உள்ளே பார்த்தால், உறுதிப்படுத்தாமல் 70 முகவரிகள் கிடந்தன. கேட்டுப் பார்த்த மூன்று பேருக்கும் அது ஸ்பேம் பெட்டியில் விழுந்திருந்தது. ஆசைப்பட்டு வந்த எழுபது பேரை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு, சமூக ஊடகம் சரியில்லை என்று புலம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். படிவத்தில் மின்னஞ்சல் முகவரியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் எடுத்தேன். பதிவு செய்ததும் வரும் பக்கத்தில் "ஸ்பேம் பெட்டியிலும் பாருங்கள்" என்று பெரிய எழுத்தில் போட்டேன். பதிவுகளைத் திருத்துவதற்கு முன் உங்கள் படிவத்தில் வேறொரு முகவரியைக் கொடுத்து நீங்களே ஒருமுறை சேர்ந்து பாருங்கள்.

உறுதிப்படுத்தும் படியையே எடுத்துவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். எடுத்தால் எண்ணிக்கை கூடும்தான். ஆனால் தவறாகத் தட்டச்சு செய்த முகவரிகளும் சேரும், தான் கேட்காத கடிதம் வந்துவிட்டதென்று ஸ்பேம் பொத்தானை அழுத்துகிறவர்களும் சேர்வார்கள். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5,000க்கு மேல் அனுப்புகிறவர்களின் ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்று கூகுள் விதி வைத்திருக்கிறது. நானும் நீங்களும் அந்த அளவில் இல்லை. ஆனாலும் விகிதத்தைப் பாருங்கள், 300 பேரில் ஒருவர் கோபித்துக்கொண்டால் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறோம்.

இனி பலித்த கதை. அதற்காக நான் பெருமைப்பட முடியாது, ஏனென்றால் அது என் தவறிலிருந்து வந்தது.

ஒரு டிசம்பரில் ஜெமினிட் எரிகல் பொழிவைப் பற்றிக் கடிதம் எழுதினேன். எரிகல் பொழிவுகள் பெரும்பாலும் வால்நட்சத்திரம் விட்டுச்சென்ற தூசியால் வருபவை. அந்தப் பழக்கத்தில் ஜெமினிடும் அப்படித்தான் என்று எழுதி அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை ஓர் ஆசிரியை பதில் எழுதியிருந்தார். "ஐயா, அதற்குக் காரணம் ஃபேத்தான் என்ற சிறுகோள், 1983இல் கண்டுபிடித்தார்கள், சரிபார்க்கவும்." அவர் சொன்னது சரி. எனக்குக் காது சூடாகிவிட்டது. முதலில் மூடி மறைக்கத்தான் தோன்றியது, 212 பேரில் யார் கவனித்திருக்கப் போகிறார்கள்! பிறகு மனம் கேட்காமல் சமூக ஊடகத்தில் இப்படிப் பதிவிட்டேன்: "நேற்று 212 பேருக்குத் தவறான தகவலை அனுப்பிவிட்டேன். ஒரு வாசகர் பிடித்துவிட்டார். வால்நட்சத்திரமே அல்லாத ஒரு பாறை எப்படி எரிகற்களைப் பொழிகிறது என்று இன்று மாலை 6 மணிக்குத் திருத்தம் அனுப்புகிறேன்." கீழே இணைப்பு.

லைக் 19. மாலைக்குள் சேர்ந்தவர்கள் 37. லைக் போடாதவர்கள்கூட வந்து சேர்ந்திருந்தார்கள்!

பொய்யாகத் தவறு செய்து மன்னிப்புக் கேளுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். அந்தப் பதிவில் ஒரு குறிப்பிட்ட கேள்வி இருந்தது, பதில் கடிதத்தில் மட்டும்தான் இருந்தது, அது வரும் நேரமும் சொல்லியாகிவிட்டது. மறுமுனையில் கடிதத்தை ஊன்றிப் படித்துத் தவறு பிடிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. அதன் பிறகு கடிதம் அனுப்பும் நாளில் காலையிலேயே, அன்றைய கடிதத்தின் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துப் பதிவிடுகிறேன். பதிலில் பாதியைச் சொல்லிவிடுவேன். ஒன்றுமே சொல்லாமல் இழுத்தால் ஏமாற்று வேலை போலிருக்கும். வாரம் ஐந்து பேர், சில வாரம் பத்துப் பேர். வேறு மந்திரம் எதுவும் என்னிடம் இல்லை.

இணைப்பைப் பதிவிலேயே போடுவதா, கீழே முதல் மறுமொழியில் போடுவதா என்று தனியாகச் சண்டையே நடக்கிறது. தங்கள் வாசலைவிட்டு ஆளை வெளியே அனுப்ப எந்தத் தளத்துக்கும் மனம் வராது. இன்ஸ்டாகிராமில் படத்தின் கீழ் எழுதும் குறிப்பில் இணைப்பு போட்டாலும் அது வெறும் எழுத்தாகத்தான் நிற்கும், தொட்டால் திறக்காது. 2023 ஏப்ரலில், சப்ஸ்டாக் என்ற செய்திமடல் தளத்தின் இணைப்பு இருந்த ட்வீட்டுகளுக்கு லைக் போடவும் பகிரவும் முடியாமல் ட்விட்டர் சில நாட்கள் முடக்கியது. அதே ட்விட்டர்தான் 2021இல் ரெவ்யூ என்ற செய்திமடல் சேவையை விலைக்கு வாங்கி, 2023 ஜனவரியில் இழுத்து மூடியது. இதனால்தான் முகவரிப் பட்டியலை மாதம் ஒருமுறை என் கணினியில் இறக்கி வைத்துக்கொள்கிறேன். மற்றபடி இணைப்பு எங்கே இருக்க வேண்டும் என்ற கவலையில் செலவிடும் நேரத்தைக் கேள்வியைக் கூராக்குவதில் செலவிடலாம்.

பரிசுப் போட்டி வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வைத்தேன். தொண்ணூறு பேர் வந்தார்கள், இரண்டு கடிதத்துக்குள் முக்கால்வாசிப் பேர் போய்விட்டார்கள்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்று காட்டும் சதவீதத்தையும் நம்பிவிடாதீர்கள். கடிதத்தில் உள்ள படம் இறங்குவதை வைத்துத்தான் அதை எண்ணுகிறார்கள். 2021இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமை ஏற்பாட்டால், ஆள் படிக்காவிட்டாலும் படங்கள் முன்கூட்டியே இறங்கி, திறந்ததாகக் கணக்கு காட்டும். நான் பதில் எழுதுகிறவர்களை மட்டும் எண்ணுகிறேன்.

பதில் என்றதும் நினைவுக்கு வருகிறது, கேள்விக்குத் தொடர்பில்லாவிட்டாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். நான் எழுதுவது வானியல். ஜோதிடம் இல்லை. இதை முகப்பில் எழுதியிருக்கிறேன், கடிதத்தின் அடியில் எழுதியிருக்கிறேன், பதிவுகளிலும் எழுதியிருக்கிறேன். வியாழனுக்கு நான்கு பெரிய நிலாக்கள் உண்டு, சாதாரண பைனாகுலரிலேயே பார்க்கலாம் என்று பதிவு போட்டால், முதல் மறுமொழி "என் ராசிக்கு எப்படி இருக்கும் சார்?" சென்ற மாதம் விலகிப்போன ஒருவர் காரணம் கேட்கும் கட்டத்தில் "ஆறு மாதமாகப் படிக்கிறேன், பலன் எதுவும் சொல்லவில்லை" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ஆறு மாதம்! எதைத்தான் படித்தார்?

போகட்டும். அந்த ஆசிரியை இன்னும் சந்தாதாரராகத்தான் இருக்கிறார். நேற்றுகூட சனியின் வளையங்களைப் பற்றி ஒரு திருத்தம் அனுப்பியிருக்கிறார். இந்த முறை தவறு அவருடையது என்று நினைக்கிறேன். சரிபார்த்துவிட்டு மாலையில் பதிவிடுகிறேன்.